மாசம் பத்தாயிரம், கூடவே இன்சென்டிவ்: லேத் 'டிரெயினிங்'ல சேர்றதுக்கு முன்னாடி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு நேயரோட கேள்வியிலிருந்தே நேரா ஆரம்பிச்சிடலாம். பண்ணைக்காட்டிலிருந்து ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க தம்பி மலைக்குக் கீழ ஒரு ஐ.டி.ஐ.ல டர்னர் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். கோயம்புத்தூர்லேருந்து ஒரு கம்பெனி ஆள் வந்து பேசியிருக்காரு. பரீட்சை முடிஞ்சதும் வந்துடு, ஒரு வருஷம் சி.என்.சி. டிரெயினிங், மாசம் பத்தாயிரம், 12 மணி நேர ஷிஃப்ட், டார்கெட்டைத் தாண்டிப் போடுற ஒவ்வொரு பீஸுக்கும் தனியா இன்சென்டிவ். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். அக்காவுக்கு மட்டும் ஒண்ணு உறுத்துது. "டிரெயினிங்னா கத்துக்கிறதுக்குத்தானே காசு? பீஸுக்குக் காசுன்னா அது வேலைதானே? அப்புறம் ஏன் டிரெயினிங்னு சொல்றாங்க?"

அந்த வாய்ஸ் நோட்டை மூணு தடவை கேட்டேன். 1961-ல பார்லிமென்ட் போட்ட தொழிற்பழகுநர் சட்டத்துல ஒரு பிரிவு என்ன சொல்லுதோ, அதை இவங்க சட்டத்தைப் படிக்காமலேயே கேட்டுட்டாங்க. அந்தப் பிரிவுக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி, அந்தப் பையன் போகப்போற மெஷினைக் கொஞ்சம் பார்த்துட்டு வரலாம். மெஷின் புரியாம இந்தச் சட்டம் புரியாது.

மலையில மெஷின் எங்க இருக்கு?

பழனி மலைன்னா நமக்கு ஏரி, குறிஞ்சி, மேல்மலைப் பூண்டு, கீழ்மலைக் காபி, விருப்பாச்சி வாழை. அங்க வளர்ற ஒரு பையன் தினமும் பார்க்கிற மெஷின் ஜீப் இன்ஜின், வெல்டிங் செட், காபிப் பழம் உரிக்கிற பல்ப்பர், அவ்வளவுதான். அதுக்காக நுணுக்கமான உலோக வேலைக்கும் மலைக்கும் சம்பந்தமே கிடையாதுன்னு நினைச்சிடாதீங்க. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-லேருந்து இருக்கு. அங்கதான் ஜான் எவர்ஷெட் 1909-ல சூரியப் புள்ளிகள்லேருந்து வாயு வெளிப்பக்கமா பாயுறதைக் கண்டுபிடிச்சாரு. அவர் வெறும் தொலைநோக்கி வழியா பார்த்துக்கிட்டிருந்த ஆள் கிடையாது. சூரியனை ஒரே ஒரு நிற ஒளியில படம் பிடிக்கிற கருவி ஒண்ணை 1911-ல அங்கேயே உருவாக்கினாரு. 2,300 மீட்டர் உயரத்துல, சாலை வசதியும் சரியா இல்லாத காலத்துல, உதிரி பாகம் வேணும்னா நாமளே கடைஞ்சுக்கணும்.

ஆனா இன்னைக்கு டர்னர் படிச்ச பையனுக்கு மலையில வேலை கிடையாது. பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியா கோயம்புத்தூருக்கு இறங்கித்தான் ஆகணும். பம்ப், மோட்டார், டெக்ஸ்டைல் மெஷின், வால்வுன்னு அங்க தெருவுக்குத் தெரு கடைசல் பட்டறை.

டிவைட் பை ஜீரோ, இரும்புல

மெஷின் டூல்னதும் சிலர் ஸ்பானர், சுத்தியல்னு நினைப்பாங்க. அதெல்லாம் கைக் கருவி. மெஷின் டூல்னா உலோகத்தைச் சீவி, குடைஞ்சு, தேய்ச்சு வடிவத்துக்குக் கொண்டு வர்ற இயந்திரம். லேத், மில்லிங், டிரில்லிங், கிரைண்டிங் எல்லாம் இந்தக் குடும்பம். லேத்துல ஜாப் சுத்தும், டூல் நகரும். சக்குல இரும்புத் தண்டைப் பிடிச்சுச் சுத்தவிட்டு, பக்கத்துலேருந்து டூலைக் கொடுத்தா வெங்காயத் தோல் மாதிரி சுருள் சுருளா சீவிக்கிட்டு வரும். கையால ஓட்டுற லேத்துல ஹேண்டில் உங்க கையில. சி.என்.சி.ல அந்த ஹேண்டிலை ஒரு புரோகிராம் சுத்துது.

நம்மள மாதிரி கோடு எழுதுறவங்களுக்கு அந்தப் புரோகிராமைப் பார்த்தா பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருக்கும். ஜி00-ன்னா வெட்டாம வேகமா போ. ஜி01-ன்னா வெட்டிக்கிட்டே சொன்ன வேகத்துல போ. எம்03-ன்னா சக்கைச் சுத்த விடு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ஜி96. இரும்பு வெட்டும்போது டூலைக் கடந்து போற பரப்போட வேகம் ஒரே சீரா இருக்கணும். மைல்டு ஸ்டீலுக்கு, கார்பைடு டூலுக்கு, நிமிஷத்துக்கு 200 மீட்டர்னு வச்சுக்குவோம். தண்டோட விட்டம் 50 மில்லிமீட்டர்னா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1,273 சுத்து வேணும். விட்டம் 25-ஆ குறைஞ்சா 2,546 சுத்து. 5-ஆ குறைஞ்சா 12,000-த்தைத் தாண்டிடும். தண்டோட முகப்பைச் சீவும்போது டூல் வெளி விளிம்புலேருந்து நடு மையத்துக்கு வருமில்லையா? மையத்துல விட்டம் பூஜ்யம். பூஜ்யத்தால வகுத்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். நம்ம ஊர்ல அது ஒரு எர்ரர் மெசேஜ். அங்க அது பல கிலோ எடையுள்ள சக், பிடிச்சிருக்கிற ஜாப்போட சேர்ந்து, மெஷினால முடிஞ்ச உச்ச வேகத்துக்கு ஏறுறது. அதனாலதான் முன்னாடியே ஜி50-ன்னு ஒரு வரி போட்டு, 'இத்தனை சுத்துக்கு மேல போகாதே'ன்னு உச்சவரம்பு கட்டுவாங்க. அந்த ஒரு வரி ஏன் இருக்குன்னு தெரிஞ்சவன் ஒரு ஆள். தெரியாம பச்சை பட்டனை அழுத்துறவன் வேற ஆள். ரெண்டு பேருக்கும் யூனிஃபார்ம் ஒண்ணுதான்.

பட்டனும் ஆஃப்செட்டும்

இந்த ரெண்டு ஆளுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த எபிசோடே.

சி.என்.சி. ஷாப்புல புதுப் பையனுக்கு முதல்ல கொடுக்கிற வேலை லோடிங், அன்லோடிங். கதவைத் திற, முடிஞ்ச ஜாப்பை எடு, புது ஜாப்பை வை, பெடலை மிதி, சக் பிடிக்கும், கதவை மூடு, சைக்கிள் ஸ்டார்ட். எடுத்த ஜாப்பை கோ, நோ-கோ கேஜ்ல போட்டுப் பாரு. நுழைய வேண்டியது நுழையணும், நுழையக் கூடாதது நுழையக் கூடாது. இதைக் கத்துக்க ரெண்டு நாள் போதும். ஒரு வாரத்துல கை தானா பழகிடும்.

அடுத்த படி செட்டிங். உதாரணம் சொல்றேன். டிராயிங்ல ஷாஃப்ட் விட்டம் 25 மில்லிமீட்டர், கூட குறைய 0.02 வரைக்கும் அனுமதி. இது நம்ம தலைமுடியோட தடிமனை விடக் குறைவு. நீங்க எடுத்த ஜாப்பை மைக்ரோமீட்டர்ல அளந்தா 25.03 காட்டுது. ரிஜெக்ட். என்ன பண்ணுவீங்க? கன்ட்ரோலர்ல வேர் ஆஃப்செட்ல மைனஸ் 0.03-ன்னு அடிச்சா அடுத்த ஜாப் 25-க்கு வந்துடும்னு தோணும். பல நேரம் அது சரிதான், டூல் முனை தேய்ஞ்சிருக்கும். ஆனா அந்த ஜாப் இப்பதான் வெட்டி முடிஞ்சு சூடா வெளிய வந்ததுன்னா? எஃகு சூட்டுல விரியும். அறை வெப்பத்தை விட 40 டிகிரி கூட இருந்தா 25 மில்லிமீட்டர் தண்டு 0.012 வரைக்கும் பெரிசா காட்டும். உங்களுக்குக் கொடுத்த 0.02-ல பாதிக்கு மேல அதுலேயே போச்சு. ஆறினதும் சுருங்கிடும். சூட்டுல அளந்து ஆஃப்செட் அடிச்சவன் அடுத்த ஜாப்பைச் சிறுசா வெட்டிடுவான். பெரிசா வந்தா திரும்பச் சீவலாம். சிறுசா போனா ஸ்க்ராப்தான்.

இல்ல, சக்கோட ஜா-க்கு நடுவுல ஒரு சிப் மாட்டி ஜாப் கோணலா உக்காந்திருக்கலாம். இன்சர்ட்டோட ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். இதையெல்லாம் கண்டுபிடிக்க மெஷினை நிறுத்தணும். நிறுத்தி, பக்கத்துல இருக்கிற சீனியரைக் கூப்பிட்டு, 'அண்ணே, இது ஏன் இப்படி வருது'ன்னு கேக்கணும். அவரும் தன் வேலையை விட்டுட்டு வந்து காட்டணும். பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பேர்தான் டிரெயினிங்.

இப்ப அந்த இன்சென்டிவை நினைச்சுப் பாருங்க. பீஸுக்கு இவ்வளவுன்னு சொல்லிட்டா, அந்தப் பத்து நிமிஷம் பையனுக்கு நஷ்டம். சீனியருக்கும் டார்கெட் இருந்தா அவருக்கும் நஷ்டம். யாருமே கெட்டவங்க இல்லாமலேயே, அந்த ஷாப்புல கத்துக்கொடுக்கிறது நின்னு போயிடும். ஒரு வருஷம் கழிச்சு பையன் வெளிய வரும்போது கை ரொம்ப வேகமா ஓடும். அதே வேலையை அடுத்த வாரமே ஒரு லோடிங் ரோபோ செய்யலாம்.

சட்டம் என்ன சொல்லுது

தொழிற்பழகுநர் சட்டத்தோட 13-வது பிரிவு உதவித்தொகையைப் பத்தினது. அதோட ரெண்டாவது உட்பிரிவு, என் வார்த்தையில சொன்னா இதுதான்: பழகுநருக்கு பீஸ் கணக்குல காசு கொடுக்கக் கூடாது. உற்பத்தி போனஸ், இன்சென்டிவ் மாதிரி எந்தத் திட்டத்துலயும் அவரைச் சேர்க்கவும் கூடாது. பண்ணைக்காட்டு அக்கா உறுத்துதுன்னு சொன்னது இதைத்தான். எழுதினவங்களுக்கு பட்டறை தெரிஞ்சிருக்கு.

அதே மாதிரி 15-வது பிரிவு. பழகுநரை ஓவர்டைம் பார்க்க வைக்கணும்னா தொழிற்பழகுநர் ஆலோசகர்னு ஒரு அரசு அதிகாரியோட அனுமதி வேணும். அது பயிற்சிக்கு நல்லது, இல்ல பொதுநலனுக்கு நல்லதுன்னு அவருக்குத் தோணினாதான் கொடுப்பாரு. தினம் 12 மணி நேரம்னு வாயாலேயே சொல்லிட்டுப் போற விஷயம் இல்ல அது.

இதோட மறுபக்கமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. 18-வது பிரிவுப்படி பழகுநர் தொழிலாளி கிடையாது, பயிற்சி பெறுறவர். அதனால தொழிலாளர் சட்டங்கள் பொதுவா அவருக்குப் பொருந்தாது. 22-வது பிரிவுப்படி, பயிற்சி முடிஞ்சதும் அங்கேயே வேலை கொடுத்தாகணும்னு கட்டாயம் இல்ல, ஒப்பந்தத்துல அப்படி எழுதியிருந்தா ஒழிய. ஆக, சட்டம் ஒரு பேரம் பேசுது. தொழிலாளிக்கு உள்ள உரிமையில பலதை நீ விட்டுக்கொடுக்கிற, பதிலுக்கு அவன் உனக்குக் கத்துக்கொடுக்கணும். அந்தக் கத்துக்கொடுக்கிறதை மட்டும் எடுத்துட்டீங்கன்னா மிச்சம் இருக்கிறது, உரிமை இல்லாத ஒரு குறைஞ்ச சம்பள ஆள்.

இப்ப காசு. 2019-ல விதிகளைத் திருத்தி குறைந்தபட்ச உதவித்தொகையை ஏத்தினாங்க. பத்தாவது முடிச்சவங்களுக்கு மாசம் 6,000. ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தா 7,000. டிப்ளமோ முடிச்சா 8,000, டிகிரின்னா 9,000. பாலிடெக்னிக்ல சாண்ட்விச் கோர்ஸ் படிச்சுக்கிட்டிருக்கும்போதே தொழிற்சாலைக்குப் போற மாணவர்களும் இந்தப் பட்டியல்ல இருக்காங்க, அவங்களுக்கு 7,000. 2025 மே மாசம் மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் இதையெல்லாம் 36 விழுக்காடு உயர்த்தச் சொல்லிப் பரிந்துரை பண்ணுச்சு. அதனால சேர்ற அன்னைக்கு அரசோட அப்ரென்டிஸ்ஷிப் போர்ட்டல்ல இருக்கிற எண்ணைப் பார்த்துக்கோங்க.

7,000 எங்க, 10,000 எங்கன்னு வீட்டுல கேட்பாங்க. ஒரு கணக்கு போடுவோம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், மாசம் 26 நாள்னா 312 மணி நேரம். பத்தாயிரத்தை அதால வகுத்தா மணிக்கு 32 ரூபாய். எட்டு மணி நேரம், 26 நாள்னா 208 மணி நேரம். ஏழாயிரத்தை வகுத்தா மணிக்கு 33 ரூபாய் 65 பைசா. பெரிய தொகைன்னு காட்டின ஆஃபர், சட்டம் சொல்ற குறைந்தபட்சத்தை விட மணிக்கு ஒண்ணரை ரூபாய் கம்மி.

ஆனா இந்தக் கணக்கு பீளமேட்டுலயோ சிங்காநல்லூர்லயோ சொந்த வீட்டுல இருக்கிற பையனுக்கு உடனே ஏறும். மலையிலேருந்து வர்றவனுக்கு ரூம் வாடகை, மெஸ், மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போற பஸ் எல்லாம் அந்த ஏழாயிரத்துலேருந்துதான் போகணும். 12 மணி நேர ஆஃபர் மலையூர்ப் பசங்களைத் தேடி வர்றதுக்குக் காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். உள்ளூர்ப் பையன் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவான். வெளியூர்ப் பையனுக்கு ரூம்ல உக்காந்திருக்கிறதும் ஷாப்புல நிக்கிறதும் ஒண்ணுதான்னு கம்பெனிக்குத் தெரியும். அதனால ஆஃபர் வந்தா காசை விட முதல்ல கேக்க வேண்டியது, தங்குற இடமும் கேன்டீனும் யார் செலவுன்னுதான். ஹாஸ்டலும் சாப்பாடும் கம்பெனியே கொடுத்தா 7,000 உண்மையிலேயே 7,000.

முதலாளி பக்கத்து நியாயம்

சின்னப் பட்டறை ஓனர்கிட்ட பேசிப்பாருங்க, ஒரே பதில்தான் வரும்: 'கத்துக்கொடுத்தா ஓடிடுறான் சார்.' இது சும்மா சாக்கு இல்ல. ஆறு மாசம் தன் மெஷினையும் இன்சர்ட்டையும் ஸ்க்ராப்பையும் செலவு பண்ணி ஒருத்தனை செட்டர் ஆக்கினா, ஏழாவது மாசம் பெரிய கம்பெனிக்காரன் கூடக் கொடுத்துக் கூட்டிட்டுப் போயிடுறான்.

இந்தப் புலம்பல் மெஷின் டூல் பிறந்த அன்னைக்கே பிறந்தது. லண்டன்ல ஜோசப் பிராமான்னு ஒருத்தர், பூட்டு செய்றவர். 1784-ல காப்புரிமை வாங்கின பூட்டு அவரோடது. அதைத் திறக்கிறவங்களுக்குப் பரிசுன்னு கடை ஜன்னல்லேயே மாட்டி வச்சிருந்தாரு. 1851-ல ஒரு அமெரிக்கர் வந்து நாள்கணக்கா மல்லுக்கட்டித் திறக்குற வரைக்கும் அது திறக்கவே இல்ல. ஆனா பிராமாவுக்கு ஒரு சிக்கல். பூட்டோட உள்பாகங்கள் அவ்வளவு நுணுக்கம், கையால செஞ்சா கட்டுப்படியாகாது. அப்ப வந்து சேர்ந்தான் 18 வயசுப் பையன் ஒருத்தன், ஹென்றி மாட்ஸ்லே. 12 வயசுல ஆயுதச்சாலையில தோட்டாவுக்கு மருந்து அடைச்சவன். பூட்டு செய்றதுக்கான மெஷின்களை அவன் செஞ்சு கொடுத்தான். 1797-ல, வாரத்துக்கு 30 ஷில்லிங் போதலைன்னு சம்பளம் கூடக் கேட்டான். பிராமா மறுத்தாரு. மாட்ஸ்லே வெளிய போய் சொந்தப் பட்டறை போட்டு, திருகு வெட்டுற லேத்தை யாரும் நம்புற அளவுக்கு நுணுக்கமா ஆக்கினாரு. ஸ்க்ரூ மரைக்கு அளவுகோல் கொண்டு வந்த விட்வொர்த், நீராவிச் சுத்தியல் செஞ்ச நாஸ்மித் ரெண்டு பேரும் அவர் பட்டறையில இருந்தவங்கதான். ஓடிப்போன பையன் பிராமாவுக்கு நஷ்டம், தொழிலுக்கு லாபம்.

பூட்டுன்னதும் நம்ம திண்டுக்கல் ஞாபகம் வராம இருக்காது. பழனி மலை அடிவாரத்து ஊர், 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டு. மாங்காய் பூட்டுலேருந்து எத்தனையோ ரகம், எல்லாம் கைவேலை. மெஷின்ல மொத்தமா வர்ற அலிகார் பூட்டு விலையில முந்திடுச்சு. புதுசா கத்துக்க வர்ற பசங்களும் குறைஞ்சுட்டாங்க. கத்துக்கிற காலத்துக்கு யாராவது காசு கொடுக்கலைன்னா ஒரு தொழில் எப்படிச் சுருங்கும்கிறதுக்கு கோயம்புத்தூர் வரைக்கும் போக வேண்டாம்.

ஓனரோட இந்த நஷ்டத்தைப் பகிர்ந்துக்கத்தான் 2016-ல மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. உதவித்தொகையில கால் பங்கு, அதிகபட்சம் மாசம் 1,500 ரூபாய், அரசோட பங்கு. இப்ப அது நேரா பையனோட பேங்க் கணக்குக்கு வருது. 30 பேருக்கு மேல வேலை பார்க்கிற நிறுவனம், ஆள் எண்ணிக்கையில 2.5-லேருந்து 15 விழுக்காடு வரைக்கும் பழகுநர்களை எடுத்தே ஆகணும். ஜெர்மனியில பயிற்சிச் சட்டம் இன்னும் ஒரு படி மேல போகும். பயிற்சியோட நோக்கத்துக்கு உதவுற வேலையை மட்டும்தான் பழகுநருக்குக் கொடுக்கலாம்னு அதுல இருக்கு. மெஷினிஸ்ட் பயிற்சி அங்க மூணரை வருஷம். என்ன கத்துக்கிட்டோம்னு தொடர்ந்து எழுதுற பதிவேட்டைக் காட்டாம கடைசிப் பரீட்சைக்கு உட்கார முடியாது.

கையுறை போடாதே

பாதுகாப்பு. இதைச் சீக்கிரம் சொல்லிடுறேன், ஆனா இதுதான் விரல் சம்பந்தப்பட்டது. சுத்துற மெஷின் பக்கத்துல கையுறை போடக் கூடாது. கேட்க விநோதமா இருக்கும், ஆனா துணி மாட்டினா கையையும் சேர்த்து இழுத்துடும். மோதிரம், கைக்கயிறு, தொங்குற ஐ.டி. கார்டு எதுவும் கூடாது. சிப்பைக் கையால எடுக்கக் கூடாது, கொக்கியால இழுக்கணும். அந்தச் சுருள் பிளேடு. சக் சாவியை சக்குலேயே விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணினா அது தோட்டா மாதிரி பறக்கும். முதல் நாளே இதைச் சொல்லாத இடத்துல, சி.என்.சி. கதவோட சேஃப்டி லாக்கைக் கழட்டி வச்சு வேகமா ஓட்டுற இடத்துல, ரெண்டாவது நாள் போகாதீங்க.

தொழிலாளர் சட்டம் பழகுநருக்குப் பொதுவா பொருந்தாதுன்னு சொன்னேன் இல்ல, அதுக்கு ரெண்டு முக்கியமான விதிவிலக்கு. 14-வது பிரிவுப்படி, தொழிற்சாலையில இருக்கும்போது ஆரோக்கியம், பாதுகாப்பு, நல வசதி விதிகள் தொழிலாளிக்கு எப்படியோ பழகுநருக்கும் அப்படியே. 16-வது பிரிவுப்படி, பயிற்சியில காயம்பட்டா இழப்பீடு கொடுக்கிறது முதலாளி பொறுப்பு.

கொடைக்கானல்காரங்களுக்கு இதுல விளக்கம் தேவையில்ல. நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன்லேருந்து பெயர்த்துக்கிட்டு வந்த தெர்மாமீட்டர் ஆலை 1983-ல அங்க தொடங்குச்சு. பின்னாடி ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு. பாதரசம் படிஞ்ச கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில கிடந்தது வெளிய வந்து, 2001 மார்ச்ல மூடினாங்க. 2016 மார்ச்ல 591 முன்னாள் தொழிலாளர்களோட கம்பெனி உடன்பாடு போட்டுச்சு. நடுவுல பதினைஞ்சு வருஷம். 2015-ல சோஃபியா அஷ்ரஃபோட அந்த ராப் வீடியோவை நம்மள்ல நிறைய பேர் காலேஜ்ல இருக்கும்போது ஷேர் பண்ணியிருப்போம். மலையில ஒரு குடும்பத்துல, பையன் ஃபேக்டரிக்குப் போறான்னு சொன்னதும் பாட்டி முதல்ல 'அங்க என்ன மூச்சு விடணும்'னு கேட்டா, சிரிக்காதீங்க. கூலண்ட் புகையையும் கிரைண்டிங் தூசியையும் பத்திக் கேட்கவேண்டிய கேள்விதான் அது.

போன்ல பேசினது

அந்த அக்காகிட்ட நம்பர் வாங்கி தம்பிகிட்டயே பேசினேன். கூச்சப்பட்ட பையன், ஆனா லேத் பத்திக் கேட்டா மட்டும் நிறுத்தாம பேசுறான். ஐ.டி.ஐ.ல மரை வெட்டப் பழகினதை அவ்வளவு ஆசையா சொன்னான். நான் இன்ஜினியரிங் படிச்ச இடத்துல எட்டுப் பேருக்கு ஒரு லேத், அதுல ஏழு பேர் ரெக்கார்டு நோட்டு எழுதிக்கிட்டு நிப்போம். இவன் அதுக்கு எவ்வளவோ மேல்.

அவன்கிட்ட நான் கேட்டது ஒண்ணுதான்: 'தம்பி, அவங்க உன்னைப் போர்ட்டல்ல பதிவு பண்ணச் சொன்னாங்களா?' இல்லையாம். ஆதார் ஜெராக்ஸும் ரெண்டு போட்டோவும் கேட்டிருக்காங்க, அவ்வளவுதான். அப்ப அது பழகுநர் பயிற்சியே இல்ல. தொழிற்பழகுநர் ஒப்பந்தம்னா ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு அரசுகிட்ட பதிவாகணும், அதுக்கு ஒரு எண் இருக்கும். 18 வயசு ஆகலைன்னா பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போடணும். அந்த எண் இருந்தாதான் கடைசியில அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி தேசியப் பழகுநர் சான்றிதழ் வாங்க முடியும். இல்லாட்டி ஒரு வருஷம் கழிச்சு கையில இருக்கிறது கம்பெனி லெட்டர்பேடுல ஒரு தாள்.

இன்னொண்ணும் சொன்னேன். இப்ப இருக்கிற ஐ.டி.ஐ. பாடத்திட்டத்துல வருஷத்துக்கு 150 மணி நேரம் பக்கத்துத் தொழிற்சாலையில நேரடிப் பயிற்சி இருக்கு. அதுல எங்க போறானோ, அங்க ஆஃப்செட் பக்கத்தை யார் தொடுறாங்கன்னு மட்டும் கவனிச்சுக்கிட்டு இரு. பழகுநர்கள் தொடுறாங்களா, தொட்டா திட்டு விழுதா? ஆறு மாச சீனியர் ஒருத்தனைப் பிடிச்சு 'கடைசியா எப்ப முதல் பீஸ் நீயே செட் பண்ணின'ன்னு கேளு. 'இன்னும் விடலை'ன்னு சொன்னா அந்த இடம் எப்படின்னு தெரிஞ்சுபோச்சு.

கோயம்புத்தூரை மட்டுமே நினைக்க வேண்டாம்னும் சொன்னேன். திருச்சி பொன்மலை, சென்னை ஐ.சி.எஃப்.னு ரயில்வே தொழிற்கூடங்கள் பழகுநர்களை எடுக்கிறாங்க, அறிவிப்பு வரும்போது கவனிக்கணும். ரயில்வே கூடத்துலேயே பழகுநர் பயிற்சி முடிச்சவங்களுக்கு ரயில்வேயோட முதல் நிலை வேலைகள்ல 20 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கு.

கம்பெனிக்காரர் திரும்ப வந்தா என்ன சொல்றதுன்னு அக்கா கேட்டாங்க. சண்டை வேண்டாம். 'சார், வர்றோம். போர்ட்டல்ல ஒப்பந்தம் போட்டுடலாமா? இன்சென்டிவ் வேண்டாம், எட்டு மணி நேரம் போதும், ரூம் நீங்க கொடுங்க'ன்னு கேளுங்க. நல்ல கம்பெனியா இருந்தா அரசோட 1,500-ம் அவங்களுக்கு உதவுது, ஒத்துக்க வாய்ப்பிருக்கு. உதவித்தொகை அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள வரணும்கிறது விதி, அதையும் எழுத்துல வாங்கிக்கோங்க. சேர்ந்த பிறகு ஒப்பந்தப்படி நடக்கலைன்னா புகாரைத் தொழிற்பழகுநர் ஆலோசகருக்கு எழுதணும். எங்க கொடுக்கிறதுன்னு தெரியலைன்னா மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துல கேட்டா சொல்லுவாங்க.

பையனுக்குப் பரீட்சை முடியுற வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள மைக்ரோமீட்டரைச் சூடான ஜாப்புலயும் ஆறின ஜாப்புலயும் வச்சுப் பார்த்து, வித்தியாசத்தை எனக்கு மெசேஜ் பண்றேன்னு சொல்லியிருக்கான்.